வீல் ஸ்பேசரும் சரக்குப் பிக்கப்பும்: ஓசூர் சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஓசூர் சாலையும் பேகூர் சாலையும் கூடும் இடத்தில் அமைந்த பொம்மனஹள்ளி, 2007ஆம் ஆண்டில் பெங்களூர் மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை தனி நகராட்சியாக இருந்தது. சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை 2010 ஜனவரியில் திறக்கப்பட்ட, ஏறக்குறைய 10 கி.மீ. நீளமுள்ள மேம்பாலச் சாலை இதன் தலைக்குமேல் செல்கிறது. 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மெட்ரோ மஞ்சள் வழித்தடத்துக்கும் இங்கே ஒரு நிலையம் உண்டு. காரும் ரயிலும் மேலே போய்விட்ட பிறகும் உள்ளூர்ச் சரக்கு கீழேயேதான் நகர்கிறது. ஆயத்த ஆடை ஆலைகளின் துணிப் பொதிகள், மடிவாளாச் சந்தைக்குப் போகும் காய்கறி மூட்டைகள், 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் ஆகியவற்றை மகிந்திரா பொலேரோ பிக்கப்பும் டாடா யோதாவும் அசோக் லேலண்ட் தோஸ்தும், தமிழர் குட்டியானை என்று அழைக்கும் டாடா ஏஸும் நாள்முழுதும் சுமக்கின்றன. அவற்றோடு, வார இறுதியில் மலைச்சாலைக்குப் போவதற்கென்றே வாங்கப்பட்ட இசுசூ டி-மேக்ஸ் வி-கிராஸும், பெங்களூரை அடுத்த பிடதியில் ஒன்றுசேர்க்கப்படும் டொயோட்டா ஹைலக்ஸும் அதே சாலையில் நிற்கின்றன. இவ்விரு வகை வண்டிக்காரரும் டயர் கடையில் கேட்கும் பொருள் ஒன்றாக இருந்தாலும், அது அவரவர் வண்டியில் செய்யும் வேலை ஒன்றல்ல. வீல் ஸ்பேசர் எனப்படும் அந்த உலோக வளையத்தைப் பற்றிய வாதங்கள் பலவும் இந்த வேறுபாட்டைக் கருதாமலேயே நடப்பதால், சரக்கு ஏற்றும் வண்டியை மையத்தில் வைத்து அந்தக் கேள்வியை முழுமையாகப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டியின் சக்கரம், அச்சின் முனையிலுள்ள ஹப் என்ற சுழலும் தட்டின் மேல் படிந்து, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் எனப்படும் மரையுள்ள தண்டுகளில் நட்டுகளால் இறுக்கப்படுகிறது. ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே செருகப்படும் தடித்த வளையமே ஸ்பேசர். அதன் தடிமன் எவ்வளவோ அவ்வளவு தூரம் சக்கரம் வெளியே தள்ளப்படுகிறது. இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை 3 முதல் 12 மி.மீ. வரை தடிமனுள்ள வெறும் தட்டு. அது பழைய ஸ்டட்டின் மேலேயே செருகப்படுவதால், நட்டு பிடிக்க வேண்டிய மரையில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. 1.5 மி.மீ. இடைவெளி மரையுள்ள 12 மி.மீ. ஸ்டட்டில் 5 மி.மீ. தட்டைச் செருகினால் நட்டு மூன்று சுற்றுக்கும் மேல் குறைவாகவே ஏறும். நட்டு குறைந்தது ஸ்டட்டின் விட்டமளவுக்கு, அதாவது எட்டுச் சுற்றாவது, ஏறியிருக்க வேண்டும் என்பது பொறியியலில் பொதுவாகக் கொள்ளப்படும் அளவாகையால், ஸ்டட்டை நீளமானதாக மாற்றாமல் இவ்வகையைப் போடுவது ஏற்கத்தக்கதன்று. இரண்டாம் வகை பெரும்பாலும் 20 மி.மீ.க்கு மேல் தடிமனுள்ளது. அது பழைய ஸ்டட்டில் தனி நட்டுகளால் பூட்டப்பட்டு, தன் உடலில் பதித்த புதிய ஸ்டட்டுகளைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. பிக்கப் வண்டிகளில் போடப்படுபவை பெரும்பாலும் இவைதாம்.

பொருந்த வேண்டிய அளவுகளில் முதலாவது, ஸ்டட்டுகளின் மையங்கள் வழியே வரையப்படும் வட்டத்தின் விட்டம். கடைக்காரர் இதைப் பி.சி.டி. என்பர். ஹைலக்ஸ், டி-மேக்ஸ் இரண்டிலும் ஆறு ஸ்டட்டுகள் 139.7 மி.மீ. வட்டத்தில் நிற்கின்றன. ஐந்தரை அங்குலமான இந்த வட்டம் பழைய வில்லிஸ் ஜீப்பிலும் ஐந்து ஸ்டட்டுகளோடு இருந்ததுதான். இரண்டாவது, ஹப்பின் நடுவே துருத்தி நிற்கும் வட்ட உதட்டின் விட்டம். ஹைலக்ஸில் அது சுமார் 106 மி.மீ., டி-மேக்ஸில் சுமார் 100 மி.மீ. பி.சி.டி. ஒன்றாக இருப்பதால் ஹைலக்ஸின் ஸ்பேசர் டி-மேக்ஸிலும் ஏறிவிடும் என்பதே இங்குள்ள பொறி. 106 மி.மீ. துளையுள்ள ஸ்பேசர் டி-மேக்ஸின் 100 மி.மீ. உதட்டில் தளர்வாக உட்கார, அதை மையத்தில் நிறுத்தும் வேலை முழுவதும் நட்டுகளின் கூம்பு முனைக்கு விடப்படுகிறது. 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குவதற்குப் பல காரணங்கள் உண்டென்றாலும், ஸ்பேசர் போட்ட வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த மையப் பிசகைத்தான்.

ஸ்பேசர் தேடிவருவோரின் காரணங்கள் நான்கைந்துக்குள் அடங்கும். அகலமான டயர் போட்டபின் அது உள்பக்கம் ஸ்பிரிங் பட்டையிலோ சஸ்பென்ஷன் கையிலோ உரசுவது ஒன்று. வேறு வண்டியின் சக்கரத்தை மாட்ட விரும்புவது இன்னொன்று. சக்கரம் உடலுக்கு வெளியே விரிந்து நிற்கும் தோற்றத்தில் உள்ள ஆசை மூன்றாவது. இவை பெரும்பாலும் உல்லாச வண்டிக்காரர்களின் காரணங்கள். சரக்கு வண்டிக்காரர் சொல்லும் காரணம் வேறு: உயரமாகப் பாரம் ஏற்றினால் வண்டி ஆடுகிறது, சக்கரத்தை விரித்தால் ஆட்டம் நிற்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. தடத்தை விரித்தால் நிலைத்தன்மை கூடும் என்ற கருத்து புதிதுமன்று, பொய்யுமன்று. உழவு டிராக்டரில் பின்சக்கர ரிம்மைத் திருப்பிப் போட்டு, பயிர் வரிசைக்கு ஏற்பத் தடத்தை விரிப்பதும் குறுக்குவதும் ஊரறிந்த வழக்கம். ஆனால் அந்த வசதியை உற்பத்தியாளரே கணக்கிட்டு வைத்திருக்கிறார் என்பதை மறக்கலாகாது. மாருதி ஜிப்சியின் வரலாறு இன்னும் தெளிவான சான்று. 1,210 மி.மீ. முன்தடத்தோடு வந்த அந்த வண்டி குறுகலானது என்ற குறை எழுந்தபின், 1993இல் நிறுவனமே தடத்தை இருபக்கமும் சேர்த்து 90 மி.மீ. விரித்து 1,300 மி.மீ. ஆக்கியது, விரிந்த சக்கரத்தை மூடுவதற்காக மட்கார்டுகளையும் அகலப்படுத்தியது. பழைய குறுந்தட ஜிப்சிக்கு ஸ்பேசர் போடுவோர் நிறுவனம் செய்ததைத்தான் தாமும் செய்வதாகச் சொல்வர். நிறுவனம் தடத்தோடு அதைச் சுற்றியிருந்தவற்றையும் மாற்றியது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

சக்கரத்தைப் பிடித்திருப்பது எது என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் தரும் விடை, ஸ்டட் என்பது. வண்டியின் எடை ஸ்டட்டுகளின் மேல் தொங்குவதாக எண்ணுவதே இந்தப் பொருளைப் பற்றிய தவறான எண்ணங்களுக்கெல்லாம் ஊற்று. உண்மையில் நட்டை இறுக்கும்போது ஸ்டட் இழுபட்டு நீள்கிறது. மீண்டும் சுருங்கத் துடிக்கும் அந்த விசை சக்கரத்தை ஹப்போடு அழுத்துகிறது. அழுத்தப்பட்ட இரு முகங்களுக்கிடையே எழும் உராய்வே வண்டியின் எடையையும் பிரேக்கின் விசையையும் குழியில் விழும் அதிர்ச்சியையும் தாங்குகிறது. 12 மி.மீ. ஸ்டட்டை 110 நியூட்டன் மீட்டர் திருப்பு விசையில் இறுக்கினால், உலர்ந்த மரையில் ஏறக்குறைய 46 கிலோ நியூட்டன் இழுவிசை பிறக்கும். ஆறு ஸ்டட்டுகளுக்கு 275 கிலோ நியூட்டன். உராய்வுக் கெழு 0.15 என்று வைத்துக்கொண்டாலும் 41 கிலோ நியூட்டன் வரை, அதாவது நான்கு டன்னுக்கும் சற்று மேலான குறுக்கு விசைவரை, முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவா. பாரம் ஏற்றிய பிக்கப்பின் பின்சக்கரம் ஒன்று 900 கிலோ சுமந்து, குழியில் விழும்போது அது மும்மடங்காகிறது என்று கொண்டாலும், எழும் விசை 26 கிலோ நியூட்டன்தான். ஆகவே ஒழுங்காக இறுக்கிய இணைப்பில் ஸ்டட்டுக்குக் குறுக்குச் சுமை என்பதே இல்லை. இறுக்கம் பாதியாகிவிட்டால் உராய்வின் எல்லையும் பாதியாகி 21 கிலோ நியூட்டனுக்கு இறங்கிவிடும். அப்போது ஒவ்வொரு குழியிலும் முகங்கள் மயிரிழை நழுவ, ஸ்டட் முன்னும் பின்னும் வளைய, உலோகச் சோர்வு தொடங்கும். உலோகச் சோர்வு என்பது, ஒருமுறை தாங்கக்கூடிய விசையே இலட்சக்கணக்கான முறை மாறிமாறி வரும்போது கண்ணுக்குத் தெரியாத விரிசல் பிறந்து வளர்ந்து முறிவில் முடிவது. 0.36 மீட்டர் ஆரமுள்ள டயர் ஒரு கி.மீ.க்குச் சுமார் 440 தடவை சுற்றும். நாளொன்றுக்கு 100 கி.மீ. ஓடும் வண்டியில் பத்து இலட்சம் சுற்று மூன்றரை வாரத்துக்குள் முடிந்துவிடும்.

இதை வைத்துப் பார்த்தால், ஸ்பேசர் உடைந்தது என்று சொல்லப்படும் நிகழ்வுகளில் முதலில் ஆராய வேண்டியது அதன் வலிமையை அல்ல, இறுக்கத்தை என்பது விளங்கும். ஓர் இணைப்பு இருந்த இடத்தில் ஸ்பேசர் இரண்டு இணைப்புகளை உண்டாக்குகிறது. தளரக்கூடிய நட்டுகள் ஆறுக்குப் பதில் பன்னிரண்டாகின்றன. அவற்றுள் உள்வரிசை ஆறும் சக்கரத்தைக் கழற்றினாலொழிய யார் கண்ணுக்கும் படுவதில்லை.

இறுக்கம் எவ்வளவு எளிதில் போய்விடும் என்பதை ஒரு கணக்கு காட்டும். 20 மி.மீ. பிடிப்பு நீளமுள்ள ஸ்டட், 46 கிலோ நியூட்டன் இழுவிசையில் நீள்வது 0.05 மி.மீ. மட்டுமே. ஹப் முகத்தில் விடப்பட்ட பெயிண்ட் படலமோ துருச் செதிலோ அதே 0.05 மி.மீ. தடிமன் இருக்கக்கூடும், வண்டி ஓடும்போது அது நசுங்கி அகன்றால், ஸ்டட் நீண்டிருந்த நீளம் முழுவதும் கரைந்து, நட்டு ஒரு சுற்றும் கழலாமலேயே இறுக்கம் பூச்சியமாகிவிடும். பார்ப்பதற்கு அழகாக இருக்கட்டும் என்று ஸ்பேசரின் இரு முகங்களிலும் தடித்த வண்ணப் பூச்சுப் பூசி விற்பது எவ்வளவு விபரீதமானது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மழைக்காலத்தில் தேங்கும் நீரில் அலுமினிய ஸ்பேசரும் இரும்பு ஹப்பும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் இடத்தில் அலுமினியம் அரிபட்டு வெண்பொடி படியும். அதுவும் இந்தக் கணக்கில் சேர வேண்டியதே. வெப்பம் இன்னொரு காரணி. இரும்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும் அலுமினியம், பிரேக் டிரம்மின் சூட்டில் 100 பாகை ஏறினால், 30 மி.மீ. தடிமனில் ஸ்டட்டைவிட 0.03 மி.மீ. கூடுதலாக விரியும்; சூட்டில் இறுக்கம் கூடி முகங்கள் அழுந்தும், ஆறியபின் முன்னிருந்த இறுக்கம் மீளாது.

இனி மாட்டும் வேலையைச் சற்று அருகிலிருந்து காணலாம். பின்சக்கரத்தைக் கழற்றியதும் தெரிவது ஹப் அன்று, ஸ்டட்டுகளின் வழியே செருகி நிற்கும் பிரேக் டிரம். அதைக் கைதவறி விழாமல் பிடித்திருக்கும் சிறு திருகாணிகளின் தலை, டிரம் முகத்தைவிடச் சிறிது மேலே நின்றாலும் ஸ்பேசர் அதன்மேல் உட்கார்ந்து சாய்ந்துவிடும். உதட்டைச் சுற்றி வளையமாகக் கட்டியிருக்கும் துருவைக் கம்பித் தூரிகையால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து எடுத்தபின், ஸ்பேசரை நட்டு இல்லாமலேயே கையால் செருகிப் பார்க்க வேண்டும். ஆடாமலும் சுத்தியலின் உதவி இல்லாமலும் அது உட்கார்ந்தால் அளவு சரி. அடுத்து, பழைய ஸ்டட்டின் முனை ஸ்பேசரின் வெளிமுகத்தைத் தாண்டி நிற்கிறதா என்று ஒரு நேர்கோலை வைத்துப் பார்ப்பது அவசியம். அலாய் சக்கரத்தின் பின்புறத்தில் வார்ப்பில் விடப்பட்ட குழிகள் இருப்பதால், அந்த முனைகள் அவற்றுள் மறைந்துவிடும். தட்டையான முகமுள்ள இரும்புச் சக்கரத்தில் அத்தகைய குழிகள் இல்லை. சரக்குப் பிக்கப்புகளில் பெரும்பாலானவை இரும்புச் சக்கரத்தில் ஓடுபவை. 20 மி.மீ. ஸ்பேசரைத் தாண்டி ஸ்டட் 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால், சக்கரம் ஸ்பேசரைத் தொடாமல் ஸ்டட் முனைகளைத்தான் தொட்டு நிற்கும். நட்டு இறுகியதுபோலக் கைக்குத் தெரியும், உராய்வு முகம் என்று ஒன்றே இருக்காது. அலாய் சக்கரத்தில் நன்றாக இருந்த ஸ்பேசர், ஸ்டெப்னியாக வைத்திருக்கும் இரும்புச் சக்கரத்தை மாட்டும் இரவில் ஆபத்தாவது இப்படித்தான்.

நட்டின் உட்காரும் முகமும் கவனிக்கத்தக்கது. கூம்பு முனையுள்ள நட்டு கூம்புக் குழிக்கும், வாஷரோடு தட்டையாக உட்காரும் நட்டு தட்டை முகத்துக்கும் உரியவை. இரண்டையும் கலந்தால் தொடும் பரப்பு ஒரு மெல்லிய விளிம்பாகச் சுருங்கிவிடும். இறுக்கும்போது ஒன்றைவிட்டு ஒன்றாக எதிரெதிர் நட்டுகளை மூன்று கட்டங்களில் இறுக்கி, இறுதி அளவை டார்க் ரெஞ்ச் எனப்படும் அளவுகோலுள்ள ஸ்பேனரால் வைக்க வேண்டும். பஞ்சர் கடைகளில் இதற்குப் பதிலாக நடப்பது, நீண்ட ஸ்பேனரின் கைப்பிடிமேல் ஏறி மிதிப்பது. 70 கிலோ எடையுள்ளவர் 35 செ.மீ. நீளக் கைப்பிடியின் நுனியில் ஏறி நின்றால் நட்டின்மேல் விழும் திருப்பு விசை 240 நியூட்டன் மீட்டர். 10.9 தரத்து 12 மி.மீ. ஸ்டட் நிரந்தரமாக நீளாமல் தாங்கக்கூடியது 73 கிலோ நியூட்டன் இழுவிசை. உலர்ந்த மரையில் அது ஏறக்குறைய 175 நியூட்டன் மீட்டரிலேயே வந்துவிடும், கிரீஸ் தடவிய மரையில் அதற்கும் முன்பே. ஆக, பலமாக இருக்கட்டும் என்று மிதித்த மிதியே ஸ்டட்டை இழுத்துச் சாகடித்துவிடுகிறது. காற்று கன்னால் அடித்துவிடுவதும் இதற்குச் சளைத்ததன்று. 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி இறுக்குவது எல்லாத் தயாரிப்பாளரும் சொல்லும் விதி. சக்கரத்தைக் கழற்றி உள்வரிசை நட்டுகளையும் இறுக்கினால்தான் அந்த விதி நிறைவேறும். ஒரு மணிநேர வேலையும் ஒரு நடைக் கூலி இழப்பும் அதிலிருப்பதால் நடைமுறையில் வெளிவரிசையோடு அது முடிந்துவிடுகிறது.

ஸ்பேசர் எங்கே செய்யப்பட்டது என்பதும் பேசத்தக்கது. அலுமினியத்தை அடித்து வடித்த 6061-டி6 கலவையில் கடைந்தெடுத்தவை ஒருபுறமும், உருக்கி வார்த்தவை மறுபுறமும் சந்தையில் கிடைக்கின்றன. வார்ப்பின் உள்ளே நுண்துளைகள் தங்க வாய்ப்புண்டு, வெளிப்பார்வைக்கு அவை தெரியா. பெங்களூரில் மூன்றாவது வழியும் உண்டு. ஜே.சி. சாலைக் கடைகளில் கிடைக்காத அளவை, பீன்யாவிலோ பொம்மசந்திராவிலோ ஜிகணியிலோ உள்ள லேத் பட்டறையில் கடைந்துகொள்வது எளிது. இந்த நகரத்துப் பட்டறைக்காரர் கைத்திறனைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது, வி.எம்.சி. எந்திரத்தில் ஆறு துளைகளைப் பிசகின்றி இட அவர்களுக்குத் தெரியும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கொடுக்கப்படும் அலுமினியக் கட்டை எந்தக் கலவை, எந்த வெப்பப் பதத்தில் உள்ளது என்று எழுதிய தாள் அதோடு வருவதில்லை. துளையில் பதிக்கும் ஸ்டட்டோ பெரும்பாலும் வேறொரு வண்டிக்காகச் செய்யப்பட்டது. 170 மி.மீ. வெளிவிட்டமும் 30 மி.மீ. தடிமனும் உள்ள வளையம் அலுமினியத்தில் 1.1 கிலோ, இரும்பில் 3.3 கிலோ, எடைக்குப் பயந்து இரும்பைத் தவிர்ப்போர், பதம் தெரியாத அலுமினியத்துக்கு அஞ்சுவதில்லை என்பது வியப்புக்குரியது.

இணைப்பு செவ்வனே அமைந்தாலும் தீராத செலவு ஒன்று உண்டு. அது பேரிங்கின்மேல் விழுவது. சக்கரம் 30 மி.மீ. வெளியே போனால், 900 கிலோ சுமையின் திருப்புத்திறன் 265 நியூட்டன் மீட்டர் கூடுகிறது. ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்றவற்றின் பின்அச்சில், சக்கரத்தைச் சுழற்றும் தண்டே சுமையையும் தாங்குவதால், இந்தக் கூடுதல் வளைவு தண்டின்மேலும் அதன் வெளிப்பேரிங்கின்மேலும் விழும். பேரிங் ஆயுளின் கணக்கு கருணையற்றது: உருளைப் பேரிங்கில் சுமை 10 விழுக்காடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய 73 விழுக்காடாகக் குறையும், 20 விழுக்காடு கூடினால் 54 ஆகும். ஸ்பேசரால் 10, ஓவர்லோடால் 20 என்று இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மிஞ்சுவது 40 விழுக்காடு. ஸ்பேசரை எதிர்ப்போர் இவ்விடத்தில் வழக்கமாக ஒரு தவறு செய்கின்றனர். ஆஃப்செட் என்பது சக்கரத்தின் நடுத்தளத்துக்கும் அது ஹப்பில் படியும் முகத்துக்கும் உள்ள தூரம். ஸ்பேசரே இல்லாமல் 30 மி.மீ. குறைந்த ஆஃப்செட் உள்ள அலாய் சக்கரத்தை வாங்கி மாட்டினாலும் பேரிங்கின் மேல் விழும் பாரம் இதேதான். பேரிங்குக்கு வளையமும் தெரியாது, அலாயும் தெரியாது. சக்கரத்தை மாற்றுவதில் கிடைக்கும் உண்மையான ஆதாயம், மறைந்திருக்கும் உள்வரிசை நட்டுகள் இல்லாமற்போவது மட்டுமே.

முன்சக்கரத்தில் இன்னொரு விளைவும் உண்டு. சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் பரப்பின் மையத்துக்கும் இடையேயுள்ள தூரம் ஸ்பேசரால் கூடுகிறது. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போதும், ஒரு பக்கப் பிரேக் கூடுதலாகப் பிடிக்கும்போதும் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பறிக்கும் விசை அந்தத் தூரத்தின் அளவுக்கு வளரும். மழைக்குப்பின் பேகூர் சாலையில் ஓட்டுவோருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சரக்கு வண்டிக்காரரின் வாதத்துக்கு இப்போது திரும்பலாம். வண்டி கவிழாமல் நிற்கும் திறனை அளக்கும் எளிய அளவு, தடத்தின் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்து வருவது. 1,450 மி.மீ. தடமும், பாரத்தோடு 1,050 மி.மீ. ஈர்ப்பு மைய உயரமும் உள்ள பிக்கப்பில் அது 0.69. இரண்டு பக்கமும் 30 மி.மீ. ஸ்பேசர் போட்டால் 0.72 ஆகிறது, முன்னேற்றம் நான்கு விழுக்காடு. ஸ்பேசரைத் தொடாமல், பாரம் ஏற்றிய வண்டியின் ஈர்ப்பு மையத்தை 42 மி.மீ. தாழ்த்தினாலும் இதே எண் கிடைக்கும். கனமான பெட்டிகளைக் கீழேயும் துணிப் பொதிகளை மேலேயும் அடுக்குவதே பல நடைகளில் அதற்குப் போதும். தண்ணீர் கேனில் அந்த வசதி இல்லை, எல்லாம் ஒரே கனம். 65 கேன்கள் ஏற்றினால் 1,300 கிலோ ஆகிவிடும் என்பதால் அங்கே செய்யத்தக்கது எண்ணிக்கையைக் குறைப்பது ஒன்றே. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓட்டுநர் ஆட்டம் என்று உணர்வது பலவேளை கவிழும் போக்கு அன்று. தளர்ந்த ஸ்பிரிங் பட்டையும் தேய்ந்த புஷ்ஷும் காற்றிறங்கிய டயரும் தரும் அசைவு அது. அவற்றைச் சரிசெய்யாமல் ஸ்பேசர் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் கட்டிலை அகலமாக்குவது போன்றது.

சட்டம் என்ன சொல்கிறது என்பது பலர் எண்ணுவதைவிட நுட்பமானது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது; வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே 'மாற்றம்' என்று அதன் விளக்கம் வரையறுக்கிறது. கேரளத்திலிருந்து மேல்முறையீடாக வந்த ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், உற்பத்தியாளர் வகுத்த அமைப்பிலிருந்து விலகும் மாற்றத்துக்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் மாற்றியமைத்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற வகையில் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. வண்டியின் முன்னால் மாட்டும் இரும்புக் காப்புக் கம்பிகள்மேல் 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் நடவடிக்கை எடுக்கச் சொன்னதும் 52ஆம் பிரிவை முன்வைத்தே. பதிவுப் படிவங்கள் டயரின் அளவையும் அச்சுகளின் சுமையையும் கேட்கின்றன, தடத்தின் அகலத்தைக் கேட்பதில்லை என்ற வாதம் ஸ்பேசர் போட்டோர் பக்கம் உண்டு. ஆயினும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் போக்கைக் காணும்போது அந்த வாதத்தை நம்பி வண்டியைத் தெருவில் இறக்குவது துணிச்சலே.

கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பில் இருவகை வண்டிகளும் வேறுபடுகின்றன. வி-கிராஸிலும் ஹைலக்ஸிலும் சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளியே தெரியும். சேறு கதவெங்கும் தெறித்துத் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். சரக்குப் பெட்டி பூட்டிய பொலேரோ வகையில் பெட்டியே பின்தடத்தைவிட அகலமானதால், ஸ்பேசர் போட்ட சக்கரம் அதன் அடியிலேயே மறைந்துவிடும். போக்குவரத்து வண்டிகள் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கொருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்காகக் காட்டப்பட வேண்டும் என்பதால், தனியார் வண்டியைவிட இவை அடிக்கடி பிரேக் இன்ஸ்பெக்டரின் கண்முன் நிற்கின்றன. முந்தைய நாள் ஸ்பேசரைக் கழற்றி மறுநாள் அவசரமாக மாட்டும் பழக்கம் அதனால் உண்டாவதே. முன்னே கண்ட பெயிண்டும் துருவும் இறுக்க அளவும் அந்த அவசரத்தில் யார் நினைவுக்கும் வருவதில்லை. காப்பீட்டிலும் இதே நிலை: அறிவிக்காத மாற்றம் விபத்துக்குப்பின் சர்வேயரின் கண்ணில் பட்டால், சொந்தச் சேதத்துக்கான தொகை தகராறுக்கு உள்ளாகும்.

பிற நாடுகள் இதை ஒரே விதமாகக் கையாளவில்லை. ஜெர்மனியில் ஸ்பேசர் வெளிப்படையான வணிகம். ஆனால் குறிப்பிட்ட வண்டிக்குக் குறிப்பிட்ட தடிமன் என்று சோதித்த சான்றுத் தாளோடுதான் அது விற்கப்படுகிறது, பெரும்பாலும் டுஃப் போன்ற ஆய்வமைப்பின் பரிசோதனையும் வேண்டியிருக்கிறது. போர்ஷே நிறுவனம் தன் சில கார்களுக்குத் தானே ஸ்பேசர் விற்றிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய மாற்றக் கையேடோ, உற்பத்தியாளரே பொருத்தித் தந்தாலொழிய ஸ்பேசர் கூடாது என்கிறது. அதே கையேடு வேறு சக்கரத்தால் தடத்தை ஓரளவு விரிக்க இடம் தருகிறது. இவ்விரு நாடுகளின் விதிகளும் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றினாலும், தடம் விரிவதைவிட இணைப்பின் நம்பகத்தைப் பற்றியே இரண்டும் கவலைப்படுகின்றன என்பது கவனிக்கத்தக்கது. 

ஆக, பாரம் அதிகம் ஏற்றாத உல்லாசப் பிக்கப்பில், ஹப் உதட்டுக்கு ஏற்ற அளவில், பதமறிந்த உலோகத்தில், வண்ணமற்ற முகங்களோடு அமைந்த 20 அல்லது 25 மி.மீ. ஸ்பேசர் இயந்திர நோக்கில் தாங்கத்தக்கதே. அங்கே எஞ்சுவது சட்டத் தடை. நாள்தோறும் டன் கணக்கில் சுமக்கும் வண்டியில் நிலைமை வேறு. அங்கே ஸ்பேசர் தரும் நான்கு விழுக்காட்டுக்கு, பேரிங்கில் கால்வாசி ஆயுளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிசை நட்டும் விலை. டயர் உரசுவதே காரணம் என்றால் நிறுவனம் குறித்த அளவு டயருக்குத் திரும்புவதும், ஆட்டமே காரணம் என்றால் பட்டையையும் புஷ்ஷையும் புதுப்பிப்பதும் செலவில் அதிகமாயினும் பயனில் நிகரற்றவை.

பழைய பிக்கப் வாங்குவோருக்கு இதில் தனி அக்கறை வேண்டும், ஏனெனில் ஸ்பேசரோடு கைமாறும் வண்டியில் அதைப் பற்றிய பேச்சு கூடவே வருவதில்லை. பின்னால் குனிந்து டிரம்முக்கும் சக்கரத்துக்கும் நடுவே பளபளக்கும் வளையம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது முதல் வேலை. இப்போது வளையம் இல்லாவிட்டாலும், டிரம் முகத்தில் சக்கரத்தின் தடத்தோடு பொருந்தாத வட்டக் கீறல், ஸ்டட் மரையில் நசுங்கிய சுற்றுகள், நட்டைச் சுற்றிச் செந்நிறப் பொடி ஆகியவை முன்பு இருந்ததைச் சொல்லும். அந்தச் செந்நிறப் பொடி, முகங்கள் நழுவித் தேய்ந்ததன் அடையாளம். அத்தகைய ஹப்பில் ஸ்டட்டுகளில் ஒன்றிரண்டை மட்டும் மாற்றுவது போதாது, அந்தச் சக்கரத்தின் எல்லா ஸ்டட்டுகளையும் புதிதாக்கி, வெளிப்பேரிங்கையும் திறந்து பார்த்தாக வேண்டும்.